குசினித் தொட்டியில் ஊற்றியது

எங்கள் இறையியல் கல்லூரியின் வரலாற்றை எழுதித் தரும்படி நிர்வாகக் குழு என்னைக் கேட்டது. உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய பங்களாவில் மூன்று சபைகள் சேர்ந்து தொடங்கிய கல்லூரி அது. நான் அங்கே படித்தவன். பிறகு பதினேழு வருடம் அங்கேயே கிறிஸ்தவ ஒழுக்கவியல் கற்பித்தவன். உயிரோடு இருப்பவர்களில் நினைவு தடுமாறாதவன் நான்தான் என்று குழுவில் சொன்னார்களாம். அது உண்மை. எனக்கு அதுதான் தொல்லை.

லிங்கநகரில் என் வீட்டு மேசையில் இருந்து இரண்டு மாதம் எழுதினேன். மூன்று சபைகளும் முதல் வருடம் முழுவதும் ஐக்கியத்தைப் பற்றிப் பேசி, இரண்டாம் வருடம் ஒரே மணியை வாங்கச் சம்மதித்ததை எழுதினேன். நூலகத்தைக் கறையான் இரண்டு தடவை முழுவதுமாக வாசித்து முடித்ததை எழுதினேன். ஷெல் விழுந்த நாட்களில் கிரேக்க வகுப்பு மேசைகளுக்குக் கீழே நடந்ததையும், வினைச்சொற்கள் அங்கேதான் எல்லோருக்கும் பாடமானதையும் எழுதினேன். பிறகு என் சொந்த வகுப்பு வந்தது. ஒன்பது பேர் சேர்ந்தோம், எட்டுப் பேர் முடித்தோம். "ஒருவர் சொந்தக் காரணங்களால் விலகினார்" என்று எழுதினேன். அவருக்குச் சொந்தக் காரணம் எதுவும் இருக்கவில்லை. இருந்தது எனக்கு.

அந்தக் காலத்து அதிபர் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு சபையின் முறைப்படி நற்கருணை நடக்கும். முடிந்ததும் பாத்திரங்களைக் கழுவுவது வேறொரு சபை மாணவனின் வேலை. ஒருவர் வழக்கத்தை மற்றவர் கைப்பட அறிய வேண்டுமாம். நான் மெதடிஸ்த மாணவன். எங்கள் ஊர்க் கோவிலில் திராட்சை வத்தலை ஊறவைத்துக் காய்ச்சிய சாற்றைச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் கொடுப்பார்கள். மிஞ்சினால் ஊற்றிவிடுவோம். அங்கிலிக்கன் முறையில் ஒரே கிண்ணம், உண்மையான வைன். ஆசீர்வதித்ததில் ஒரு துளியும் வீணாகக் கூடாது. மிஞ்சுவதைக் கல்லூரியின் அங்கிலிக்கன் பாதரே பீடத்தில் குடித்து முடித்துவிடுவார். அதனால் கழுவ வருகிறவன் கையில் வெறும் கிண்ணம்தான் எப்போதும் வரும். மூன்று வருடம் கழுவியும் நான் எதையும் அறிந்துகொள்ளவில்லை.

மூன்றாம் வருடத்தில் ஒரு நாள் பாதர் ஆசீர்வதித்த வைனில் கொஞ்சத்தை ஒரு சின்னக் குப்பியில் மூடி, சிற்றாலயத்தின் பக்க அறையில் வைத்திருந்தார். டவுனில் படுக்கையாகக் கிடந்த ஓய்வுபெற்ற போதகர் ஒருவருக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொண்டுபோய்க் கொடுப்பதற்கு. எனக்கு அன்று எபிரேயப் பரீட்சை. சாப்பிட்டபின் கழுவ வேண்டியதை முன்னரே கழுவி முடிக்கப் போனேன். குப்பியில் மிச்சம் இருப்பதைப் பார்த்தேன். குசினிக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினேன். தொட்டியில் மீன் கழுவிய தண்ணீர் இருந்தது. குப்பியை நன்றாகக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

சாப்பாட்டு மேசையில் பாதர் எழுந்து, குப்பியில் இருந்தது எங்கே என்று கேட்டார். அவர் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தபோதுதான் நான் செய்தது என்ன என்று விளங்கியது. அதிபர் என்னைப் பார்த்தார், கழுவும் முறை என்னுடையது என்பதால்.

"நான் போகேக்கையே அது வெறுமையாத்தான் இருந்தது, ஐயா," என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்ன பொய். அந்த அறையைப் பூட்டித் திறக்கும் திறப்பு, பாதரையும் என்னையும் தவிர இன்னொருவனிடம் மட்டுமே இருந்தது. அன்று பீடத்தில் பாதருக்கு உதவிய அங்கிலிக்கன் மாணவன், என் அறை நண்பன். அவனுடைய தகப்பன் துறைமுகத்துக் கூலியாள், பின்னேரங்களில் கள்ளுத் தவறணையில் காணப்படுகிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒருவரும் விசாரிக்கவில்லை. மாணவன் குடித்தானென்றால் அது அவன் பாவம். இன்னொரு சபைக்காரன் தொட்டியில் ஊற்றினானென்றால் ஐக்கியத்துக்கே பங்கம். கல்லூரியைக் காப்பாற்றவே பேசாதிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாதம்தான் என்னை ஊழியத்துக்கு எடுப்பதா என்று என் சபை முடிவெடுக்க இருந்தது. எடுத்தார்கள். ஒரு கிழமைக்குள் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனான். நான் வாசல்வரை பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

அவன் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, குச்சவெளியில் இருக்கிறான் என்று தெரியும். "சொந்தக் காரணங்களால்" என்ற வசனத்தை நான்கு நாள் திருத்திப் பார்த்தேன். எந்தத் திருத்தத்திலும் அது உண்மையாகவில்லை. ஐந்தாம் நாள் பஸ் ஏறினேன்.

அவனும் மனைவியும் முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கதிரை போட்டார்கள். அதில் உட்காராமலே சொல்லி முடித்தேன்.

முதலில் பேசியது மனைவி. "அப்ப இவர் பாதரா வந்திருப்பாரோ? கடவுள் காப்பாத்தினார். நான் ஒரு நாளும் கட்டியிருக்க மாட்டன்."

"நீ சும்மா இரு," என்றான் அவன். பிறகு என்னிடம், "நீயோ ஊத்தினனி?"

"ஓம்."

"பாதர் குடிக்கேல்லையோ?"

எனக்கு விளங்கவில்லை. அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"நான் குடிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். நீ சாறு குடிக்கிற ஆள், வைன் மணந்தாலே மூக்கைப் பொத்துவாய். உன்னை நான் நினைக்கவே இல்லை. மிச்சம் ஆர்? அந்த மனுசன் தானே குடிச்சுப்போட்டு என்னை மாட்டிவிட்டவர் எண்டுதான் இவ்வளவு காலமும் இருந்தனான். ஊரெல்லாம் சொன்னனான். வேலை செய்த இடத்திலை சொன்னனான்."

"எனக்கும் சொன்னவர்," என்றார் மனைவி. "கலியாணம் பேசேக்கையே."

"அவர் ரெண்டு தரம் என்னைத் தேடி வந்தவர். படலை வாசலிலையே திருப்பி அனுப்பினனான். ஏன் வந்தவர் எண்டு கேக்கேல்லை. செத்தவீட்டுக்கும் போகேல்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவன் கையால் ஒதுக்கினான்.

"என்னை விடு. நான் களஞ்சியத்திலை நல்லாத்தான் இருந்தனான். பாதரின்ரை கதையைச் சரியா எழுது. நான் குடிக்கேல்லை, அவரும் குடிக்கேல்லை, குசினித் தொட்டி குடிச்சது. அப்பிடியே போடு."

எழுதினேன். ஊற்றியது நான் என்றும், பொய் சொன்னதும் நான் என்றும் ஒரு பந்தி. குழுவின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். பந்தி மிகவும் உருக்கமாக இருக்கிறதாம். ஆனால் புத்தகத்தை வெளியிடும் நன்றி ஆராதனைக்கு மூன்று சபைத் தலைவர்களும் வருகிறார்கள். "சில தவறான புரிதல்கள் ஏற்பட்டன எண்டு போட்டால் என்ன, ஐயா?"

"ஆர் ஆரைத் தவறாப் புரிஞ்சது?" என்று கேட்டேன்.

அந்தப் பந்தி இல்லாவிட்டால் மற்றப் பக்கங்களும் இல்லை என்றேன். அச்சகத்தில் நாள் குறித்தாகிவிட்டது. பந்தி அச்சானது, கொஞ்சம் சின்ன எழுத்தில்.

ஒரு பிரதியைக் குச்சவெளிக்குத் தபாலில் அனுப்பினேன். அவன் அழைத்தான்.

"வாசிச்சனான். 'தவறுதலாக' எண்டு ஒரு சொல் போட்டிருக்கிறாய். ஊத்தினது தவறுதல். மிச்சம்?"

"மிச்சம் தவறுதல் இல்லை."

"பாதரின்ரை மகள் டவுனிலை இருக்கிறா. அவவுக்குப் புத்தகம் குடுத்தனியோ?"

"அனுப்பலாம்."

"அனுப்பாதை. கொண்டுபோய்க் குடு. பக்கத்தையும் நீயே எடுத்துக் காட்டு. இனி இஞ்சை வராதை. கோவத்திலை சொல்லேல்லை. எனக்கு உன்னோடை கதைக்க ஒண்டும் இல்லை."

சரி என்றேன்.

பாதரின் மகள் ஓய்வுபெற்ற ஆசிரியை. தகப்பனின் பழைய மாணவன் என்றதும் முகம் மலர்ந்து கதவைத் திறந்தார். "இருங்கோ ஐயா, தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கிறன்," என்று உள்ளே போய் அடுப்பை மூட்டிவிட்டு வந்தார். நான் பக்கத்தைத் திறந்து, பந்தியில் விரலை வைத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபடியே வாசித்தார். முடித்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனார்.

"அப்பா குடிச்சவர் எண்டு பள்ளிக்கூடத்திலை எனக்குச் சொன்னவை," என்றார். "அப்பாவிட்டைக் கேட்டனான். ஆரோ ஒரு பிள்ளை பயந்துபோய் இருக்குது எண்டு மட்டும் சொன்னவர்."

புத்தகத்தை மூடினார். உள்ளே போய் அடுப்பை அணைத்தார். அங்கிருந்து திரும்பி வரவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.