அப்பாவின் காகிதக் கட்டுகள்

அப்பா இறந்த வருடம், தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் பக்கத்தில் எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்தது. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஒரு நாள் ஊர்வலம் போகும். அதெல்லாம் நடக்காது என்று மறுநாள் எதிர் ஊர்வலம் வரும். அப்பா ஆயுள் முழுக்கக் கோயில் கோயிலாக, வயல் வயலாக அலைந்தவர். கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி எடுத்த படிகளும், அவற்றைப் பற்றி எழுதிய குறிப்புகளும் ஓர் அறை நிறைய இருந்தன. ஊருக்கு ஒரு கட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றியது. அதையெல்லாம் அடுப்பெரிக்கலாம் என்று அண்ணிக்கு ஓர் எண்ணம். நான் வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டேன்.

வாசகசாலைத் தலைவர் மலையாள வாத்தியார். செயலாளர் தமிழர், துணிக்கடை வைத்திருந்தார். பகலில் எதிரெதிர் ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கோஷம் போடுவார்கள், சாயங்காலம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாயா குடிப்பார்கள். எனக்கு இருவரையும் பிடிக்கும். அன்று மட்டும் பிடிக்கவில்லை. அங்கே தமிழுக்கு ஓர் அலமாரி, மலையாளத்துக்கு ஓர் அலமாரி. அப்பாவின் தாள்களையும் அப்படியே பிரித்து வைக்கப்போவதாகச் சொன்னார்கள். இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் அப்படி ஓர் ஒற்றுமை!

“பிரிச்சா தூக்கிட்டுப் போயிருவேன். ஊருக்கு ஒரு கட்டுண்ணாக்கும் அப்பா வச்சிருந்தாவ” என்றேன்.

“கோபப்படாதே மோளே. தேடி எடுக்க எளுப்பம் வேண்டாமா?” என்றார் வாத்தியார்.

“அப்படியெங்கி நீங்களே பிரிச்சுக் காட்டுங்க சார்.” மேலாக இருந்த, காரோடு என்ற ஊரின் கட்டை அவிழ்த்து இருவர் முன்னாலும் வைத்தேன்.

முதல் தாள் தமிழில் தொடங்கி, நடுவில் மலையாளத்துக்குப் போய், திரும்பத் தமிழில் முடிந்தது. அப்பா பேசுவதே அப்படித்தான். எங்களில் யார்தான் அப்படிப் பேசவில்லை? படிகளில் இருந்ததோ பழைய வட்டெழுத்து. அதற்கு அங்கே அலமாரியே இல்லை. வாத்தியார் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். செயலாளர் கடைசித் தாளில் விரலை வைத்தார். ‘வயலுக்குள் ஒரு கல். பாதி சேற்றில். அறுப்பு கழிந்து வரணும்’ என்று எழுதியிருந்தது. அந்த அறுப்புக்கு முன்னால் அப்பா போய்விட்டார்.

“இது குளத்துக்கரை வயலாக்கும்” என்றார் செயலாளர். இல்லை, கோயிலுக்குப் பின்னால் என்றார் வாத்தியார். விட்டால் அதற்கும் ஓர் எல்லைப் போராட்டம் தொடங்கியிருப்பார்கள். நல்லவேளையாக, கட்டுகள் அப்படியே ஒரு மூலையில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. ஆளில்லாத நேரம் பார்த்துப் பிரித்துவிடுவார்களோ என்று அடிக்கடி போய் எட்டிப் பார்த்துவந்தேன்.

அறுப்பு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். முழங்கால்வரை சேறு, மூக்கிலெல்லாம் மை. செயலாளர் இரண்டு கைகளிலும் ஒரு தாளை ஏந்தியிருந்தார். எப்போதோ அப்பாவுக்குத் தண்ணீர்ச் செம்பு பிடித்த அனுபவத்தில் அவரே படி எடுத்திருக்கிறார். மை திட்டுத் திட்டாக அப்பி, பாதி எழுத்து தெரியவில்லை. அப்பா இருந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்.

“கல்லு கிட்டிச்சு மக்கா” என்றார் செயலாளர்.

“நம்ம காரோட்டுக் கட்டுல வச்சிரலாமில்லா?” என்று வாத்தியார் கேட்டார்.

அப்பாவோடு அந்தக் கட்டுகளும் முடிந்துபோயின என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். “காய்ஞ்ச பெறவு வைங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.