பொம்மையன் சேர்த்த பங்காளி

என் அக்கா புருஷன் பொம்மையன் லோடு ஆட்டோ ஓட்டினார். வடமதுரைப் பக்கத்துத் தோட்டங்களில் தக்காளியும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் திண்டுக்கல் மார்க்கெட்டில் இறக்குவார். அந்த வண்டியின் நெற்றியில் சாமி பேர் கிடையாது, பிள்ளை பேர் கிடையாது. சிவப்பு எழுத்தில் ‘கொழிஞ்சியார்’ என்று கொட்டை கொட்டையாக எழுதியிருக்கும்.

கொழிஞ்சி என்பது நடவுக்கு முன்னால் வயலில் போட்டு மிதிக்கிற தழை. எந்தக் காலத்திலோ அந்த வம்சத்துக்கு அதை வைத்து ஒரு பட்டப்பேர். நம் பக்கம் இப்போது பேருக்குப் பின்னால் வால் போட்டுக்கொள்கிறவர்கள் யார்? இனிஷியலோடு சரி. இவர் மட்டும் ரேஷன் கார்டு தொடங்கி கல்யாண மொய் வரைக்கும் பொம்மையன் கொழிஞ்சியார்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. அய்யலூர்க் கரட்டடியில் இருக்கும் அவர்கள் குலசாமிக்கு வரி கொடுக்கிற வீடுகள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். பாதிப் பேர் கிழடு, மீதிப் பேர் திருப்பூர். இவருக்கும் ஒரே பெண், நாகஜோதி. ஆண்பிள்ளை இல்லாத பயம் மனுசனை அரித்துக்கொண்டே இருந்தது. “நான் செத்தா எனக்கு யாரு மாப்ள கொள்ளிச் சட்டி தூக்குவா?” என்று என் டீக்கடையில் உட்கார்ந்து கேட்பார். வியாபார நேரத்தில் கேட்கிற கேள்வியா அது!

அதனால் செய்தித்தாளிலோ டிவியிலோ கொழிஞ்சியார் என்று ஒரு பேர் வந்தால் போதும், அலைந்து திரிந்து நம்பரைப் பிடித்துப் பேசிவிடுவார். ஒட்டன்சத்திரத்தில் ஜீவிதா கொழிஞ்சியார் என்று ஒரு பெண் கபடியில் கோப்பை வாங்கினாள். இவர் போன் போட்டு, “நான் உங்க பங்காளி பேசுறேன்” என்றார். அந்தப் பெண்ணின் அப்பா பதறிப்போய், “ஏனுங்க, எங்ககிட்டப் பங்கு பிரிக்க ஒண்ணுமே இல்லீங்களே” என்று வைத்துவிட்டார். சென்னையில் செய்தி வாசிக்கிற ஒருவர் போனையே எடுக்கவில்லை. இவர் கவலைப்படவில்லை. “அம்புட்டுப் பேரும் நம்ம ரத்தம் மாப்ள. எடுத்துச் சொல்ல ஆளில்லாமச் சிதறிக் கெடக்காக” என்பார்.

கடைசியில் ஒரு பெரிய மீன் மாட்டியது. ஜட்ஜாக இருந்து ஓய்வு பெற்ற ராமர் கொழிஞ்சியார் திண்டுக்கல்லில் வீடு கட்டிக் குடிவந்தார். பொம்மையன் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார். ஜட்ஜ் நல்ல மனிதர். வந்தவரை உட்காரவைத்து காபி கொடுத்தார். அன்று முதல் மச்சான் வாயில் ‘ஜட்ஜ் அண்ணன்’ தவிர வேறு பேச்சில்லை. மார்க்கெட்டில் தராசில் யாராவது கை வைத்தால்கூட, “எங்க அண்ணன்கிட்டச் சொல்லவா?” என்பார்.

அந்த வருடம் மாசியில் குலசாமி கும்பிடும்போது ஜட்ஜைக் குடும்பத்தோடு அழைத்து வந்தார். பங்காளிகள் உட்காரும் கல் வட்டத்துக்குள் உட்காரவைத்து, தலைப்பாகை கட்டி, தலைக்கட்டு வரியும் வாங்கிக்கொண்டார். கிடா வெட்டிக் கறியைக் கூறு போட்டபோது ஜட்ஜுக்கும் ஒரு கூறு. அந்தச் சாமிக்கு வரி கொடுத்து, கூறு வாங்கித் தின்றுவிட்டால் தீர்ந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் இந்த வீட்டுப் பிள்ளைகளும் அண்ணன் தங்கச்சி. பெண் கொடுக்கவோ எடுக்கவோ கூடாது. ஜட்ஜுக்கு இது தெரியாது. கோயில் நன்கொடை என்று நினைத்துக் கொடுத்தார்.

அவருக்கு ஒரு மகன், அஜித். பேங்கில் வேலை, தங்கமான பையன். நாகஜோதி அப்போது திண்டுக்கல்லில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். மச்சானே அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். காய்கறிப் பையைக் கையில் கொடுத்து ஜட்ஜ் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். அடிக்கடி போய் வந்தால் பாசம் வரும் என்று கணக்குப் போட்டார். பாசம் வந்தது, இவர் நினைத்த பாசம் இல்லை.

விஷயம் தெரிந்ததும் ஜட்ஜ் கோபப்படவில்லை. தானே வடமதுரைக்கு வந்தார். நானும் அக்காவும் இருந்தோம்.

“பொம்மையா, எங்க தாத்தாவுக்குச் சின்ன வயசுலயே அப்பா அம்மா இல்ல. அவரோட அத்தையைக் கட்டின கொழிஞ்சியார்தான் எடுத்து வளர்த்தாரு. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது தன் வீட்டுப் பேரையே போட்டுட்டாரு. எங்க குலசாமி நத்தத்துப் பக்கம் இருக்கு. முறைன்னு பார்த்தா நாங்க உனக்கு மாமன் மச்சான். நாகஜோதியை எங்க வீட்டுக்குக் கொடு.”

எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். மச்சான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வரி குடுத்திருக்கீகண்ணே. கூறு வாங்கித் தின்னுருக்கீக” என்றார்.

“தெரியாம நடந்ததுதானே?”

“ஒங்களுக்குத் தெரியாது. சாமிக்குத் தெரியுமில்ல?”

அந்த வம்சத்தில் மூத்தவர் சின்னக்கண்ணு. அவரைப் போய்ப் பார்த்தேன். கிழவர் என்னமோ மலையைப் புரட்டச் சொல்வார் என்று பயந்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, “இதுல என்னப்பு இருக்கு? சேத்தவன் சபையில எந்திரிச்சு, நான் தெரியாமச் சேத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். வரியத் திருப்பிக் குடுத்துட்டுக் கல்யாணத்த வையிங்க” என்றார். அவ்வளவுதான் வேலை. ஒரு வார்த்தை.

நாகஜோதி அப்பாவின் காலடியில் உட்கார்ந்து கேட்டாள். “சொல்லிருங்கப்பா. எனக்காக.” மச்சான் அவள் தலையில் கைவைத்து, “மாசிக்குச் சொல்லிருறேன் கண்ணு” என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பெண் மாசி வரை இருந்தாள்.

மாசி வந்தது. நாங்கள் மாமன் மச்சான் கூட்டம், கல் வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். நாகஜோதி பொங்கல் வைக்கிற பெண்களோடு அடுப்படியில் இருந்தாள். வட்டத்துக்குள் சின்னக்கண்ணு குரல் கொடுத்தார். “பொம்மையா, என்னமோ சொல்லணும்னியே, சொல்லு.”

மச்சான் எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டினார், அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். திருப்பூர்ப் பங்காளிகள் இரண்டு பேர் செல்போனைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார்கள். வேற்றாளுக்குச் சாமி கூறைத் தூக்கிக் கொடுத்தவன் என்ற பேர் வரும். ஜட்ஜ் அண்ணன் என்று ஊர் பூராவும் அளந்ததெல்லாம் ஒரு நொடியில் சிரிப்பாய்ச் சிரித்துப்போகும். அது அவர் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது. மச்சான் சொல்லிருங்க, சொல்லித் தொலைங்க என்று மனசுக்குள் கத்தினேன்.

“வந்து... வர்ற வருசம் கோயிலுக்குச் சுத்துச்சுவர் எடுக்கணும்” என்றார் மச்சான். “அதான் சொல்ல நெனச்சேன்.”

உட்கார்ந்துவிட்டார். சின்னக்கண்ணு அடுத்த பேச்சுக்குப் போனார். நாகஜோதி அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. பொங்கல் அடிப்பிடிக்கிற வாடை வந்தது.

அன்றைக்கே நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போங்க. நான் கையெழுத்துப் போடுறேன். மத்ததைத் தாய்மாமன் பாத்துக்கிறேன்” என்றேன்.

“நாலு பேரு முன்னாடி சொல்லத்தான மாமா அப்பா பயந்தாரு? நான் ஓடிப்போனா ஊரே சிரிக்குமே. அதுக்கப்புறம் அவரு இருக்க மாட்டாரு” என்றாள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் நான் இரண்டு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன்.

நத்தத்தில் மாந்தோப்புக் குத்தகைக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை குறை சொல்ல முடியாத பையன். கலகலப்பானவன். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜட்ஜ் குடும்பமும் கல்யாணத்துக்கு வந்தது, அஜித்தைத் தவிர.

அதன் பிறகு மச்சான் பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார். டீக்கடையில் யாராவது கொழிஞ்சியாரே என்று கூப்பிட்டால் காது கேட்காதவர் மாதிரி இருப்பார். ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில், “சொல்லத்தான் எந்திரிச்சேன் மாப்ள. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு” என்றார். நான் எழுந்து கிளாஸ் கழுவப் போய்விட்டேன். அவருக்கு அதுவே தண்டனை என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் அவர்மேல் கோபம் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

போன வைகாசியில் மார்க்கெட்டில் மூட்டை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

வீட்டில் கிடத்தியதும் கொள்ளி யார் என்ற பேச்சு வந்தது. “நான் வைக்கிறேன்” என்றேன். மச்சினன் வைக்கக் கூடாது என்று கூடியிருந்தவர்கள் தடுத்துவிட்டார்கள். அப்போது என் அக்கா பேச்சாயி, மாரில் அடித்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

“அவரு சொல்லி வச்சிருக்காரு. ஜட்ஜ் வீட்டுத் தம்பிதான் கொள்ளி வைக்கணும்னு. மருமகனா வர விடாம நானே கெடுத்துட்டேன், மகனாவாச்சும் வந்துட்டுப் போகட்டும்னாரு.”

செத்துக் கிடக்கிற மனுசனை எழுப்பி உட்காரவைத்து அறையலாம் போல இருந்தது எனக்கு. ‘அந்தப் பிள்ளைகளை இன்னுமா விட மாட்டேங்கிறீங்க?’

சின்னக்கண்ணு போன் பண்ணினார். வரி கொடுத்த வீடு, மறுக்க முடியாது. அஜித் வந்தான். கட்டிலோரம் உட்கார்ந்திருந்த நாகஜோதியைப் பார்க்காமல் நேராக நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டான். நீர்மாலைக்குப் போய்க் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வந்தான், கொள்ளிச் சட்டி தூக்கினான், சுடுகாட்டில் சொன்னதையெல்லாம் செய்தான். பெற்ற மகன்கூட அவ்வளவு ஒழுங்காகச் செய்ய மாட்டான்.

பதினாறாம் நாள் கருமாதி. எங்கள் பக்கத்தில் கொள்ளி வைத்தவன் செத்தவரின் மகளுக்குப் பிறந்த வீட்டுச் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும். இனி அப்பன் இடத்தில் நான் இருக்கிறேன் என்று அர்த்தம். அதற்கு ஒரு நூல் சேலை போதும். அஜித்துக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை போலிருக்கிறது. நாகல் நகரில் ஒரு கடையில் முகூர்த்தச் சேலை மாதிரி சரிகை போட்ட அரக்குப் பட்டு எடுத்து வந்திருந்தான். தாம்பாளத்தில் அதைப் பார்த்ததும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அவன் நீட்டினான். நாகஜோதி முந்தானையை விரித்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற நத்தத்து மாப்பிள்ளைக்கு மனசு நிறைந்துவிட்டது. அஜித்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “மச்சான், மாமா இல்லாத குறையத் தீத்துட்டீக. இனி நீங்கதான் இவளுக்குப் பொறந்த வீடு. நல்லநாள் பெரியநாளுக்கு வந்து போயிட்டு இருக்கணும்” என்றான். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பி, “நீயும் ஒரு வார்த்தை கூப்புடு” என்றான்.

நாகஜோதி நிமிர்ந்து அஜித்தைப் பார்த்தாள்.

“வாங்கண்ணே” என்றாள்.

நான் எழுந்து பந்தலுக்குப் பின்னால் போனேன். கருமாதி வீட்டில் செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். வாய் வலிக்கத் திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதேன்.