கரண்டி கேட்ட வியாழக்கிழமை

காலை ஒன்பது இருபதுக்கு என் வலது கையைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்தேன். பலெர்மோப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில், இத்தாலியில் தங்குவதற்கான பெர்மெஸோ அட்டையைப் புதுப்பிக்க வருகிற எல்லாரும் வைப்பதுதான். பெருவிரலை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. மற்ற விரல்களுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. இடது கையிலும் அப்படியே. அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார், என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தினார், ஏழு தடவை முயன்றார். பிறகு என்ன வேலை என்று கேட்டார். வீட்டு வேலை என்றேன். அவர் தலையாட்டிய விதத்தில் இப்படிப்பட்ட விரல்கள் அவருக்குப் புதிதல்ல என்று தெரிந்தது. மூன்றரைக்குத் திரும்பி வரச் சொன்னார். அதுவரை தண்ணீர் படக்கூடாது, கிறீம் பூச வேண்டும். அப்போதும் பதியாவிட்டால் வேறு நாள்தான். அது இரண்டு மாதம் தள்ளிப் போகும்.

என்னிடம் இரண்டு மாதம் இல்லை. பாரிஸில் தம்பியின் மகளுக்கு ஏழு கிழமையில், இரண்டு மாதம் நிறையுமுன், ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்க என்னைத்தான் கேட்டிருந்தான். என் பழைய அட்டை முடிந்துவிட்டது. புதியது கையில் வராமல் விமானம் ஏற முடியாது. அங்குள்ள பங்குத்தந்தைக்கு அன்று மாலைக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்றும், எனக்கு வர வசதிப்படாவிட்டால் தன் மனைவியின் தங்கையின் பெயரைக் கொடுப்பதாகவும் தம்பி முதல்நாள் சொல்லியிருந்தான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மருந்துக்கடையில் கிறீம் வாங்கிப் பூசினேன். பிறகு நடந்தேன். ரயில் நிலையத்திலிருந்து ஒரேத்தோப் பாலம் வரை, திரும்பவும் நிலையம் வரை, இன்னொரு தடவை பாலம் வரை. பேருந்தில் ஏறவில்லை, ஏறினால் கம்பியைப் பிடிக்க வேண்டும். பத்து விரல்களையும் ஒன்றோடொன்று படாமல் விரித்து வைத்துக்கொண்டு, யாரோ நகப்பூச்சுப் பூசிவிட்டவள்போல வெயிலில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வாங்கில் உட்கார்ந்தேன், நான்கு நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்குப் பசித்தது. வியாழக்கிழமை வேறு.

வியாழன் பிற்பகல் பலெர்மோவில் வீட்டு வேலைக்காரருக்கு ஓய்வு. அதனால் நிலையத்துக்குப் பின்னால் நிற்கிற அந்த மூன்று சில்லுச் சாப்பாட்டு வண்டிக்கு வியாழன்தான் பெருநாள். வண்டிக்காரி மன்னார்ப் பெண், என்னைவிட ஆறேழு வயது இளையவள். இங்கே வருமுன் நாலு வருடம் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றவள். அங்கே பழகிய தேங்காய்ப்பால் சோறும் பொரித்த கோழியும்தான் விற்கிறாள். ரம்பை இலை போட்டு அவித்த சோறு, மஞ்சளும் இஞ்சியும் ஊறிய கோழிக்கால், ஒரு கரண்டி மிளகாய்ச் சம்பல், வறுத்த கச்சான் கடலை, இரண்டு வெள்ளரித் துண்டு. வேறொன்றும் இல்லை. எங்களுடைய ஆட்களோடு நிலையத்து ரயில்வேக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். அன்று எனக்கு முன்னால் பதினான்கு பேர். எண்ணி முடித்து மணி பார்த்தேன். மறுபடி எண்ணினேன். பதினான்குதான்.

என் முறை வந்ததும் தட்டை நீட்டினாள். உள்ளங்கையால் தாங்கி வாங்கினேன்.

"ஒரு கரண்டி தாங்கோ" என்றேன்.

அவள் அகப்பையை நிறுத்தினாள். "என்ன கேட்டனீங்கள்?"

"கரண்டி."

பதினொரு வருடமாக அந்த வண்டியடியில் நான் கையால் தின்றதைப் பார்த்தவள். எனக்குப் பின்னால் நின்ற, மொண்டெல்லோவில் உணவகமொன்றில் கோப்பை கழுவுகிற வன்னிக்கார இளைஞர் எட்டிப் பார்த்தார்.

"அக்காவுக்கு இத்தாலிப் பாஸ்போட் கிடைச்சிட்டுது போல. இனி எங்களோடை கதைக்கவும் மாட்டா."

"பெர்மெஸோவே இல்லை, நீர் பாஸ்போட்டுக்குப் போறீர்" என்றேன்.

சொன்ன குரல் சரியில்லை. அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். வண்டிக்காரி பிளாஸ்டிக் முள்ளுக்கரண்டியொன்றைத் தட்டில் வைத்தாள். வண்டியின் ஓரத்தில் நின்றபடி கோழியில் குத்தினேன். மொறுமொறுத்த தோலில் கரண்டி வழுக்கியது. இரண்டாம் குத்தில் கரண்டியின் ஒரு முள் முறிந்து சோற்றுக்குள் போனது. அதைத் தேடி எடுக்கக்கூட விரல் வைக்கப் பயமாக இருந்தது.

வரிசை குறைந்ததும் வண்டிக்காரி பக்கத்தில் வந்தாள். "அக்கா, கையைக் காட்டுங்கோ."

காட்டினேன். விரல் நுனிகள் வெளிறி, வழவழவென்று மினுங்கின. அவள் தன் பெருவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இது வேலை செய்த கையில்லை. உரஞ்சின கை. என்ன செய்தனீங்கள்?"

அதிகாரியிடம் சொல்லாததை அவளிடம் சொன்னேன். முந்தைய நாள் பின்னேரம் மீன்குழம்பு வைத்தபோது விரலெல்லாம் மஞ்சள் ஏறிவிட்டது. மஞ்சள் கையோடு குவெஸ்தூராவுக்குப் போக வெட்கமாக இருந்தது. அதனால் நான் வேலை செய்கிற வீட்டு அம்மா, சிஞ்ஞோராவின் குளியலறைக்குப் போடுகிற வரெக்கினா என்கிற பிளீச்சைக் கோப்பையில் ஊற்றி, விரல்களை முக்கி, சட்டி தேய்க்கிற கம்பிப் பஞ்சால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு நிமிடம்.

"மணி வேறை பாத்தனீங்களோ?"

"ஓம்."

அவள் சிரித்த சிரிப்பில் ரயில்வேக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தட்டிலிருந்த சம்பலைத் தன் அகப்பையால் முழுவதும் வழித்தெடுத்தாள்.

"உறைப்புப் பட்டால் எரியும். இப்ப கையாலை சாப்பிடுங்கோ. தேங்காய்ப்பால், கோழி நெய், இதைவிட என்ன கிறீம் வேணும்? முடிஞ்சதும் கழுவாதையுங்கோ. கடதாசியாலை ஒத்தி எடுங்கோ. போன வருசம் எனக்கும் பதியேல்லை. அண்டைக்கு நான் செய்தது இதுதான்."

"மஞ்சள் பிடிக்குமே."

"பிடிக்கட்டுமன். அவை மஞ்சளையோ படம் பிடிக்கினம்?"

கையால் சாப்பிட்டேன். சோறு இன்னும் சூடாக இருந்தது, விரல்நுனிகளுக்கு அந்தச் சூடு கூடுதலாகவே உறைத்தது. கோழியைப் பிய்க்கும்போது கொழுப்பு விரலிடுக்கு வரை இறங்கியது. சம்பல் இல்லாத சோறு என்ன ருசி என்று எனக்கு இப்போதும் நினைவில்லை. சிறிய உருண்டைகளாக உருட்டி, ஒவ்வொன்றையும் தேவைக்கு மேல் உருட்டி, இடையிடையே மணி பார்த்துத் தின்றேன். எலும்பைக்கூட விரலால் தடவிவிட்டுத்தான் போட்டேன்.

மூன்று இருபதுக்கே குவெஸ்தூரா வாசலில் நின்றேன். மூன்று ஐம்பதுக்குக் கூப்பிட்டார்கள். காலையில் இருந்த அதே அதிகாரி. என் கையைப் பிடித்ததும் அவர் மூக்கு அசைந்தது.

"கோழியா, சிஞ்ஞோரா?"

ஆம் என்றேன். தான் இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டே விரல்களை உலர்ந்த துணியால் ஒத்தினார். மஞ்சளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இடது கை முழுவதும் பச்சை விளக்கு. வலது கையில் சுட்டுவிரல் மட்டும் மூன்று தடவையும் சிவப்பு. நான் கம்பிப் பஞ்சால் முதலில் தேய்த்த விரல் அதுதான். பலம் முழுவதும் அதில் போயிருந்தது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுட்டுவிரலுக்குப் பதிலாக நடுவிரலை வைக்கச் சொன்னார். பச்சை.

அட்டை எப்போது வரும் என்று கேட்டேன். ஐந்து கிழமை என்றார். நான் நன்றி சொல்லி எழுந்த பிறகு, "வழக்கமாக" என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்.

வெளியே வந்து தம்பிக்குப் போன் எடுத்தேன். நான்காவது மணியில் எடுத்தான். பின்னால் பிள்ளை அழும் சத்தம்.

"அக்கா, பாதருக்கு என்ன பெயரைக் குடுக்கிறது?"

ஐந்து கிழமை, வழக்கமாக. ஏழில் ஐந்து போனால் இரண்டு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவனையே முடிவெடுக்க விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எண்ணெய் விரலில் கைபேசி வழுக்கியது. மற்றக் கைக்கு மாற்றினேன்.

"என்ரையைக் குடு" என்றேன். "நான் வாறன்."

வைத்ததும் நிலையத்துப் பக்கமாக நடக்கத் தொடங்கினேன். ஏழரைக்குத்தான் சிஞ்ஞோரா வீட்டுக்குத் திரும்ப வேண்டும். போக ஓரிடமும் இல்லை. ஆனாலும் வேகமாக நடந்தேன்.