‘வுடு’ என்று கத்திய கிளப்

ஆண்டு விழா மலருக்கு எங்கள் ரக்பி கிளப்பின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். “ரத்தம் கித்தம் எல்லாம் வேணாம் சார், குடும்பமா படிப்பாங்க” என்றார் செயலாளர். ரத்தத்தை எடுத்துவிட்டால் இந்தக் கிளப்பில் மிஞ்சுவது ஒரு பந்தும் ஒரு தண்ணீர்க் கேனும்தான். மலருக்கு வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்ததை நான் இங்கே எழுதுகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஏரியை ஒட்டிய பொட்டல்தான் எங்கள் மைதானம். புல் கிடையாது, சரளைக்கல். விழுந்து எழுந்தால் முழங்காலில் தோல் இருக்காது. முதல் வருடமே ஒருத்தனுக்குத் தோள் எலும்பு உடைந்தது, ஒருத்தனுக்கு மூக்கு, எனக்கு முன்பல். கூடுவாஞ்சேரியில் கணக்கு வாத்தியாராக இருக்கிற எனக்கு இது தேவையா என்று கேட்காத ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து நேராக சர்ச்சுக்குப் போவேன். கிழிந்த உதட்டில் திருவிருந்துத் திராட்சரசம் பட்டுச் சுரீரென்று எரியும். பக்கத்தில் நிற்கிற அம்மா, “ஆண்டவர் வேணா மன்னிப்பார், நான் மன்னிக்க மாட்டேன்” என்று முணுமுணுப்பார்.

ஏன் ஆடினேன் என்றால், பிடித்திருந்தது. வாரம் முழுக்க எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, ஞாயிறு காலையில் ஓடிவருகிற ஒருத்தன் விலாவில் தோளைக் கொடுத்து, இரண்டு பேருமாகத் தரையில் விழுகிற அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இதற்கு மேல் விளக்கம் கேட்டால் கோபம் வரும்.

எங்களிடம் இருந்த ஒரே நிஜமான ஆட்டக்காரன் கோவளத்துக்காரன். மீனவக் குடும்பம். அக்கா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பார். இவனுக்கோ கடல் ஒத்துக்கொள்ளாது, படகில் ஏறினால் வாந்திதான். ஊரில் எல்லோரும் அவனைக் கலாய்த்தே கொன்றார்கள். மாநில அணியில் ஒருமுறை ஆடிவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும், அப்புறம் படகு பக்கமே போக வேண்டாம். அவனுடைய கனவு அவ்வளவுதான்.

அதற்கு ஒரே ஒரு தடை இருந்தது. அவன் கபடியிலிருந்து வந்தவன். கபடியில் பிடித்தால் விடக் கூடாது, பாடி வருகிறவன் மூச்சு விடுகிறவரை அமுக்க வேண்டும். ரக்பியில் நேர் எதிர். ஆளைக் கீழே தள்ளியதும் உடனே கையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஃபவுல். முந்தின வருடம் மாநில அணிக்கான தேர்வில் இவன் ஒருத்தனைத் தள்ளிவிட்டு உடும்பு மாதிரி பிடித்துக்கொண்டே கிடந்தான். நடுவர் ஊதி ஊதி அலுத்துப்போய் அவனை வெளியே அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு கிளப்பே சேர்ந்து அவன் பிடியை உடைத்தது. அவன் யாரைத் தள்ளினாலும், சுற்றி நிற்கிற எல்லோரும் ஒரே குரலில் “வுடு!” என்று கத்துவோம். அப்படியும் விடாவிட்டால் அடியில் குமிழ் வைத்த ஸ்டட் ஷூவால் கையை மிதிப்போம். அவனே கேட்டுக்கொண்டதுதான். “மிதிங்கண்ணா, அப்பத்தான் புத்தி வரும்” என்பான். விரல் நகங்கள் கறுத்து ஒவ்வொன்றாக விழுந்தன. அந்த வருடம் முடிவதற்குள், ஆளைத் தள்ளிய மறுகணமே எழுந்து, நடுவருக்குத் தெரிகிற மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டப் பழகிவிட்டான்.

அடுத்த தேர்வுக்கு முந்தின ஞாயிறு. நாங்கள் போனபோது எங்கள் கோல் கம்பத்தின் சவுக்குக் கட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு கூட்டம் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தது. போய்க் கேட்டேன். வாத்தியார் தோரணையில்தான் கேட்டேன், எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது.

“இன்னா சார், உங்கப்பன் வூட்டு கிரவுண்டா இது?” என்றான் ஒருத்தன்.

நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். திருப்பித் தள்ளினேன். அவ்வளவுதான், இரண்டு கூட்டமும் கலந்துவிட்டது. யாரோ என் காதில் அறைந்தார்கள், ஒரு பக்கம் முழுக்க ரீங்காரம். என் தோழன் ஒருத்தனின் வாயிலிருந்து ரத்தம் கோடாக வழிந்தது. என்னைத் தள்ளியவன் ஸ்டம்பைப் பிடுங்கி என் மண்டையைப் பார்த்து ஓங்கினான்.

கோவளத்துக்காரன் பக்கவாட்டில் வந்து அவன் இடுப்பில் மோதினான். அவ்வளவு சுத்தமான அடியை நான் எந்த மேட்சிலும் பார்த்ததில்லை. ஸ்டம்புக்காரன் மல்லாக்க விழுந்தான், இவன் அவன் மேலே. அப்படியே அமுக்கியிருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும்.

இவன் விட்டுவிட்டான். சட்டென்று எழுந்து ஓரடி பின்னால் போய் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். அங்கே எந்த நடுவரும் இல்லை. கீழே கிடந்தவன் கையில் ஸ்டம்ப் அப்படியே இருந்தது. அவன் எழுந்த வேகத்திலேயே குத்தினான்.

கோவளத்துக்காரனின் இடது கண். பல்லாவரத்தில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் என் சட்டையைச் சுருட்டி அதன்மேல் அழுத்திப் பிடித்திருந்தேன். வழியெல்லாம் அவன் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தான். “கை தானா வுட்டுச்சுண்ணா. நான் வுடலண்ணா, கை தானா வுட்டுச்சு.” கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. தேர்வு அவன் இல்லாமல் நடந்தது. குத்தியவன் மேல் கேஸ் போட்டோம், அது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவனைக் கொல்ல வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிறு, கோவளத்துக்காரன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தான். அக்காவின் மீன் கூடையை வண்டியில் ஏற்றி இறக்குவதுதான் இப்போது வேலை என்றான். கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

“அண்ணா, பந்த எடுத்துகினு ஓடியாங்க.”

“வேணாம்டா.”

“வாங்கண்ணா.”

அவனுடைய நல்ல கண் இருக்கிற பக்கமாக ஓடினேன். வேகத்தைக் குறைக்கவில்லை, குறைத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். விலாவில் மோதினான். மூச்சு அடைத்தது. சரளையில் விழுந்தேன், முழங்கை உரிந்தது. அவன் கை இரண்டும் என் இடுப்பைச் சுற்றி இறுகிக் கிடந்தன.

சுற்றி மொத்தக் கிளப்பும் நின்றது. ஒருத்தரும் கத்தவில்லை. அவன் விடவில்லை. அவன் முகம் என் முதுகில் குலுங்குவது தெரிந்தது. விலா வலித்தது, விடு என்று நானும் சொல்லவில்லை.