பன்றி இல்லாத வராகன்

என் கல்யாணத் தாலிக்குப் பொன் உருக்கிய நாளில், அம்மா வைத்திருந்த ஒரே தங்கக் காசைக் கள்ளக்காசு ஆக்கப் பார்த்தவன் நான்தான். ராஜாவின் சமஸ்தானம் ஒழிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அரிமளத்தில் வாத்தியார் வேலை கிடைத்த புதிது. தெரிந்ததை நாலு பேர் காதில் போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அந்தக் காசுக்கு வராகன் என்று பெயர். வராகம் என்றால் பன்றி. பூமியைக் கொம்பில் தூக்கி வந்த பெருமாளின் உருவம் பொறித்த காசு, அதனால் அந்தப் பெயர் என்று எங்கோ படித்திருந்தேன். பெண் வீட்டார் வரை எல்லாரிடமும் அளந்துவிட்டேன். காசை மட்டும் பார்த்ததில்லை. அப்பா சாகும்போது விட்டுப்போனதை அம்மா மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். யாரையும் அவிழ்க்க விடமாட்டாள்.

ஆசாரி முற்றத்தில் கரியை மூட்டி, உருக்கும் மண் கிண்ணத்தை எடுத்து வைத்தார். காசைச் சுமங்கலிதான் போட வேண்டும், அதனால் பெரியம்மா முன்னால் இருந்தாள். அம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். பெரியம்மா முடிச்சை அவிழ்த்ததும் பெண்ணின் மாமா காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பன்னியக் காணமே, மாப்ள.”

மெதுவாகத்தான் சொன்னார். எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. வீட்டில் வேறு பொட்டுத் தங்கம் கிடையாது. காசு பொய்யென்றால் கல்யாணமே நின்றுவிடும். அம்மா கதவைத் தாண்டி வந்து காசைப் பறித்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

ஆசாரி அதைக் கேட்டு வாங்கி, உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தார். நல்ல தங்கம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“முன்ன இருந்த ராசாக்க பன்னி உருவம் போட்டாங்க. பின்னால வந்தவங்க அவங்கவங்க சாமியப் போட்டாங்க. சனங்க பேரை மாத்தலைங்க.”

காசையும் பூதக்கண்ணாடியையும் என்னிடம் கொடுத்தார். மொச்சைக்கொட்டையை விடச் சின்ன வட்டத்துக்குள் சிவனும் பார்வதியும் அருகருகே அமர்ந்திருந்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பன்றி பொறித்த ராஜாக்கள் போய், சாமி பொறித்த ராஜாக்களும் போய்விட்டார்கள். சந்தையில் வாங்கி விற்ற சனங்கள் வைத்த பெயர் மட்டும் இத்தனை தலைமுறை தாண்டி எங்கள் அரிசிப் பானை வரை வந்திருக்கிறது. படித்த திமிரெல்லாம் எங்கேயோ போயிற்று. இதை உருக்க வேண்டாம் என்றேன்.

அம்மா காசையும் கண்ணாடியையும் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் சேந்துல்ல உக்காந்திருக்காங்க. தாலிக்குத்தான் ஆகும்.”

காசைப் பெரியம்மாவிடம் நீட்டினாள். பெரியம்மா கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். ஆசாரி மண் கிண்ணத்தை அம்மா பக்கம் நகர்த்தினார்.

“நீங்களே போடுங்கத்தா.”

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா போட்டாள். அப்பா போன பிறகு ஒரு நல்ல காரியத்தில் அவள் கை பட்டது அன்றைக்குத்தான்.