செம்பிலிருந்து எடுத்த பேர்

பாத்திரத்தில் பேர் வெட்டிப் பிழைக்கிறவளுக்கு ஊரில் யாருக்கு என்ன பேர் என்று தெரியும். அந்தப் பேருக்குரியவர்கள் இருக்கிறார்களா, போய்விட்டார்களா என்று மட்டும் தெரியாது. எண்பதுகளில், பித்தளையைப் போட்டுவிட்டு எல்லோரும் எவர்சில்வர் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், தருமபுரியில் பாய் ஒருவரின் பாத்திரக் கடை வாசலில் உளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனால் எழுத்து குண்டு குண்டாக வரும். கடை வாசலில் உட்கார்ந்து பிழைத்தவர்களுக்கு என் முதுகுவலியும் புரியும், ஒன்றுமில்லாததற்கெல்லாம் மனசு அடித்துக்கொள்வதும் புரியும்.

முந்தி வந்த பேர்

காரிமங்கலம் பக்கத்துக் குடியானவர் ஒருவர் சின்ன டம்ளரை நீட்டி, பெண் பேர் ஒன்றை வெட்டச் சொன்னார். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டேன். மனைவி இன்னும் உண்டாகவே இல்லை என்றார். எனக்கு உளி வழுக்கியது. பிறக்காத பிள்ளைக்குப் பேர் வெட்டி, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் கையைத்தான் சொல்வார்கள் என்று மறுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பேரு முன்னாடியே இருந்தா, புள்ள அதத் தேடிக்கிட்டு வந்துரும்ங்க."

செல்வி பார்த்த செம்பு

அந்தப் பேச்சை நான் மறக்கப் பார்த்த சமயத்தில் என் தம்பி மனைவி செல்விக்குப் பெண் பிறந்தது. காதில் பேர் சொல்ல வேண்டியவள் அத்தைக்காரி நான். மூன்று மாதமாகியும் பாப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். செல்விக்குத் தெருவில் வேறு யாருக்கும் இல்லாத பேர் வேண்டுமாம், ஆனால் பழைய பேராகவும் இருக்க வேண்டுமாம். வடிவு என்றேன், பால்காரம்மா பேர் என்றாள். மரகதம் என்றேன், அது அவளை அடித்த டீச்சர் பேர்.

பால் புகட்டும் சங்கு வாங்கக் குழந்தையோடு அவள் கடைக்கு வந்த அன்று, பழைய பித்தளைக் குவியலில் ஒரு சின்னச் செம்பு கிடந்தது. கழுத்தைச் சுற்றி மஞ்சள் கறை. வயிற்றில் 'செங்கமலம்' என்று யாரோ வெட்டின பழைய எழுத்து. செல்வி அதை எடுத்துக் குழந்தையின் கன்னத்தில் வைத்தாள். காலையிலிருந்து அழுத பிள்ளை சட்டென்று நிறுத்தியது. செம்பின் குளிர்ச்சிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் வீட்டுப் பேரோ, வேண்டாம் என்று கெஞ்சினேன். செல்வி சிரித்தாள். "கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேஞ்ச பேருங்க அண்ணி. இனிமே நாம கூப்பிடுவோம்."

செம்பைத் தேடி

பேர் வைத்துத் தொட்டிலும் போட்டாயிற்று. ஒரு மத்தியானம் தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், என் வயதுதான் இருக்கும். அவர் வீட்டுப் புது மருமகள் விவரம் தெரியாமல் செங்கமலம் என்று பேர் வெட்டின செம்பைப் போட்டு எவர்சில்வர் வாங்கிவிட்டாளாம். அது அவர்கள் வீட்டுப் பூவாடைக்காரியின் செம்பு. கல்யாணம் ஆகாமலே கிணற்றில் விழுந்து போன பெண் அவள். வீட்டுத் தெய்வமாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் கிணற்றடியில் அந்தச் செம்பை வைத்து அழைத்தால், யார் மேலாவது இறங்கிச் சம்மதம் சொல்வாளாம். செம்போ அதற்குள் பழைய பித்தளையோடு லாரியில் போய்விட்டிருந்தது. புதுச் செம்பில் அதே பேரை வெட்டிக் கொடுத்தேன். எழுத்து கோணிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரமே திரும்பி வந்தார். பம்பைக்காரர்கள் அடித்து ஓய்ந்தும் யார் மேலும் இறங்கவில்லை. மகளுக்கு முகூர்த்தம் குறித்தாயிற்று. பூவாடைக்காரி வராமல் தாலி கட்ட மாட்டார்களாம். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "செம்பு போனா போகட்டும்ங்க. அவ இப்ப எந்த வூட்ல இருக்கா, அத மட்டும் சொல்லுங்க."

அழைப்பு

பாய்தான், நல்லது என்று நினைத்து, என் தம்பி மகளுக்கும் அந்தப் பேர்தான் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா பூவும் மஞ்சளும் ஒரு சின்னப் பாவாடையும் வாங்கிக்கொண்டு என் பின்னாலேயே நடந்து வந்தார். பிள்ளையைக் கேட்டுவிடுவாரோ என்று வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். விஷயம் தெரிந்ததும் செல்வி தொட்டில் கயிற்றைப் பிடித்தவள் விடவில்லை. அன்றைக்கு அவளும் சிரிக்கவில்லை. வேற்று முகம் கண்டால் வீரிடுகிற குழந்தை அந்த அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர் தூக்கவில்லை. பாவாடையைத் தொட்டிலில் வைத்துவிட்டு, பெரியவர்களிடம் பேசுவது போலக் குனிந்து சொன்னார்: "கல்யாணத்துக்கு வந்துட்டுப் போ ஆத்தா. உன்ன அங்கயே நிறுத்திக்க மாட்டோம்."

முகூர்த்தத்தன்று காலை குழந்தை பாலுக்குக்கூட விழிக்காமல் தூங்கியது. நானும் செல்வியும் மாற்றி மாற்றி மூக்கில் விரல் வைத்துப் பார்த்தோம். உச்சி வெயிலில்தான் கண் திறந்தது. தலையில் சாமந்தி வாசம். வீட்டில் அன்று யாரும் பூ வைத்திருக்கவில்லை. செல்வி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அழுதாள். "வந்துட்டா அண்ணி, நம்மகிட்டயே வந்துட்டா."

யாருக்கும் இல்லாத பழைய பேராகத் தேடுகிறவர்கள் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள்; எங்கள் செங்கமலத்துக்குப் பல் முளைப்பதற்கு முன்பே தீர்த்தமலைப் பக்கமிருந்து அவள் பேருக்குக் கல்யாணப் பத்திரிகை வர ஆரம்பித்துவிட்டது, மொய் எழுதுவது மட்டும் அத்தைக்காரி நான்.