சித்தி கல்யாணமும் படம் வராத டிவியும்

உங்கள் சித்திக்கு ஆஸ்திரேலியாவில் கல்யாணம் நடந்த அன்று நம் வீட்டு டிவி செய்த கூத்தை உங்கள் அம்மா ஒரு மாதிரி சொல்வாள், மாமா வேறு மாதிரி சொல்வார். இரண்டிலும் கோமாளி நான்தான். அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைக்கிறேன். நீங்கள் இருவரும் அந்த ஹாலில்தான் இருந்தீர்கள். ஆனால் உங்கள் கவனமெல்லாம் கேக் மேல்.

முதலில் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். சித்தியை வளர்த்தது உங்கள் அம்மாதான். பாட்டி சீக்கிரமே போய்விட்டதால் தலை பின்னிவிட்டது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது, பள்ளிக்கூடத்தில் போய் டீச்சரிடம் திட்டு வாங்கியது எல்லாம் அக்காதான். அப்படிப்பட்ட தங்கையின் கல்யாணத்துக்குப் போக அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. புதுச் சேலை எடுத்து, பிளவுஸும் தைத்து வந்த பிறகு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அழவில்லை. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள், அவ்வளவுதான். எனக்கு அது அழுகையைவிடப் பயமாக இருந்தது.

"மாதா கோயில்லேர்ந்து லைவ் போடறாங்களாம். நம்ம ஹோம் தியேட்டர்ல போட்டுட்டேன்னா முதல் பெஞ்சுல உக்காந்து பாக்கற மாதிரி இருக்கும். நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த ஹோம் தியேட்டர் மேடவாக்கத்தில் ஃப்ளாட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பம் விற்றது. அவர்கள் பிள்ளைகள் நான் ஓட்டும் பள்ளி வேனில் வந்தவர்கள். அந்த வேனிலேயே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தாம்பரத்துக்கு வந்தேன். ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர், இவற்றுக்கெல்லாம் தலைவன் போல அகலமாக ஒரு கறுப்பு ரிசீவர். படமும் சத்தமும் முதலில் ரிசீவருக்குள்தான் போகும். படத்தை டிவிக்கும் சத்தத்தை ஸ்பீக்கர்களுக்கும் அதுதான் பிரித்து அனுப்பும். அது படுத்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பெட்டிகள்.

நம் ஹாலில் அவ்வளவு அகலமான, சமமான இடம் வேறு இல்லை. அதனால் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடிலை அதன் தலைமேலேயே வைத்தோம். இடத்தைக் காட்டியது அம்மா. வண்டலூர் பக்கம் மாடு வைத்திருப்பவரிடம் கேட்டு வைக்கோல் கொண்டுவந்தது மாமா. கலர் களிமண்ணில் ஆடு செய்தது நீங்கள். ஒயர் தெரிந்தால் அசிங்கம் என்று நாலு பக்கமும் தெர்மாகோலில் மலை வெட்டி ஒட்டியது நான். நன்றாகத்தான் இருந்தது. பாராட்டாதவர்கள் இல்லை.

கல்யாணம் புது வருஷம் பிறந்த பிறகு, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை. நமக்குக் காலை நேரம். நான் விடியும்போதே எழுந்து ரிசீவரைப் போட்டு, பாட்டுகளைச் சத்தமாக ஓடவிட்டேன். டீசல் வண்டியை எடுத்த எடுப்பில் ஓட்டக் கூடாது, கொஞ்சம் சூடேறிய பிறகுதான் கியர் போட வேண்டும். வேன் ஓட்டுகிறவனுக்கு இது பழக்கம். ரிசீவருக்கும் அதே மரியாதையைக் கொடுத்தேன்.

அம்மா அந்தப் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் உங்கள் மாமா வந்தார். கீழ்வீட்டு அக்கா காபி டம்ளரோடு வந்து சோபாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். திரையில் கோயில் தெரிந்தது. ஆர்கன் வாசித்தார்கள். ஊஃபர் அதிர்ந்ததில் ஷோகேஸ் கண்ணாடி கிணுகிணுத்தது. நான் அம்மாவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அதே நேரம் படம் போயிற்று, சத்தமும் போயிற்று. ரிசீவரில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கியது.

"ஒண்ணும் இல்ல மாப்ள. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றார் மாமா. அவர் கம்பெனியில் எந்த மிஷின் நின்றாலும் இதுதான் வைத்தியமாம்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். சித்தி வாசலில் காரிலிருந்து இறங்குவது தெரிந்தது. கால் தரையில் படுவதற்குள் மறுபடியும் இருட்டு.

"இன்னா தம்பி, இன்டர்வெல்லா?" என்று கீழ்வீட்டு அக்கா கேட்டார்.

ஸ்பீக்கர் ஒயரின் செம்பு நரம்புகள் ஒன்றோடொன்று பட்டால் ரிசீவர் தானாக அணைந்துகொள்ளும் என்று படித்திருந்தேன். டிவிக்குப் பின்னால் தலையை விட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எதுவும் படவில்லை. மாமா கேபிள்களை உருவி, வாயால் ஊதி, திரும்பச் சொருகினார்.

"அண்ணா, எதை எங்கேர்ந்து எடுத்தியோ அங்கேயே சொருகு" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியாதாம்மா?"

அவருக்குத் தெரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மா போனிலேயே லைவைத் திறந்துகொண்டாள். படம் தீப்பெட்டி அளவு. கோயில் எதிரொலியில் சத்தம் தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி கேட்டது. காதருகே வைத்தால் படம் தெரியாது, கண்ணெதிரே வைத்தால் பேச்சு புரியாது. அவள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

கீழ்வீட்டு அக்காவுக்குப் பார்க்க வேறொன்றும் இல்லாததால் குடிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆடு யார் செஞ்சது? எல்லாம் படுத்துகினு கீது. ஒண்ணுக்கு மூஞ்சியே காணோம்."

நேற்றுவரை நின்றுகொண்டிருந்த ஆடுகள். அம்மா எழுந்து வந்து வைக்கோலுக்குள் கையை விட்டாள். விட்ட வேகத்தில் எடுத்தாள்.

"என்னங்க, தோசைக்கல்லு மாதிரி சுடுது. ரிசீவர் மூச்சு விடற ஓட்டையெல்லாம் மேலதான இருக்கு? அது மேலயா மலை கட்டி வெச்சிருக்கோம்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் வைக்கோலைப் பார்த்தேன்.

"ராஜாக்கள் திருநாள் வரைக்கும் குடிலை எடுக்கக் கூடாதே" என்றேன்.

"குடில்ல இருக்கற பாலன் கோவிச்சுக்க மாட்டாரு. நான் கோவிச்சுக்குவேன். தூக்குங்க."

நானும் மாமாவும் மலையோடு சேர்த்துத் தூக்கினோம். வழியில் குடிலுக்குள்ளிருந்து ஒரு இடையர் விழுந்தார். வாஷிங் மிஷின் மேல் இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தோம். மாமா டேபிள் ஃபேனைக் கையில் ஏந்தி ரிசீவரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பூசையில் தூபம் காட்டுகிறவர் போல அசையாமல் நின்றார்.

"சீக்கிரம் ஆற மாட்டேங்குதே மாப்ள."

"இட்லியா மச்சான் இது?"

போனில் ஃபாதர் மணமக்களை முன்னால் கூப்பிடுவது தெரிந்தது. மணமக்கள் உறுதிமொழி சொல்லும் வார்த்தைப்பாடு ஆரம்பிக்கப் போகிறது. அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்களை மூடிக்கொண்டாள். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். சிவப்பு போய் நீலம் வந்தது. ஐந்து ஸ்பீக்கரிலும் ஃபாதரின் குரல் நிறைந்தது. திரையில் மட்டும் 'சிக்னல் இல்லை' என்று வந்தது.

ஃபாதர் பேசி நிறுத்தினார். அந்த அமைதியில், ஹாலின் எல்லா மூலையிலிருந்தும் ஒரு சின்னச் செருமல் கேட்டது. அம்மா போனை மடியில் கவிழ்த்தாள்.

"அவதான். எதையாவது மனப்பாடமா ஒப்பிக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் செருமுவா."

"கேபிள மாத்திச் சொருகியிருக்கோம், ஒரே நிமிஷம்" என்று நான் டிவிக்குப் பின்னால் பாய்ந்தேன்.

"யாரும் எதையும் தொடாதீங்க. படம் வேணாம். எனக்குக் கேக்குது."

நான் கேபிளைப் பிடித்தபடியே, சுவரைப் பார்த்துக் குனிந்தவாறு நின்றுவிட்டேன். மாமா ஃபேனோடு நின்றார். சித்தியின் குரல் வந்தது. அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. "இன்பத்திலும்" என்றாள், "துன்பத்திலும்" என்றாள், அதற்கடுத்த சொல்லில் குரல் அடைத்துக்கொண்டது. எனக்குப் பின்னால் உங்கள் அம்மா மெதுவாக அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தாள். அங்கே கேட்காது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் சித்தி சொல்லி முடித்துவிட்டாள். கோயிலில் கை தட்டினார்கள். கீழ்வீட்டு அக்கா கறுப்புத் திரையைப் பார்த்துக் கை தட்டினார்.

"ம், இப்பப் படத்தைப் போடுங்க" என்றாள் அம்மா.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேபிளைப் பக்கத்து ஓட்டையில் மாற்றினேன். சித்தி திரை முழுக்க வந்து நின்றாள், பளிச்சென்று. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"தலையில நெட்டு கோணலா இருக்கு. கொசுவமும் சரியா வைக்கல" என்றாள். "யாரு கட்டிவிட்டது இவளுக்கு?"